சளி வைக்கும் கல்

நம்புத்தாயின் வலது கை எட்டு நண்டுகளுக்குள் இருந்தது.

நண்டு என்றால் குழம்பு வைக்கிற நண்டு இல்லை. நிறுவனத்தின் இயந்திரம். கடலடியில் நடக்க எட்டுக் கால், முன்னால் இரண்டு கை. ஒரு கையில் தடவிப் பார்க்கும் விரல், இன்னொன்றில் கத்தி. அதற்கு நிறுவனம் வைத்த பெயர் நீளமானது. ஓடைமுனை ஊர்ப் பெண்கள் பார்த்த அன்றே நண்டு என்று கூப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் நிறுவனத்துக்காரர்களும் நண்டு என்றே சொல்ல ஆரம்பித்தார்கள்.

அடுத்தடுத்து மூன்று கோடைகளில் கடல் சூடேறி, மன்னார் வளைகுடாவின் பழைய பவளங்கள் பெரும்பாலும் வெளுத்துச் செத்தன. அதற்குப் பிறகு சூடு தாங்கும் புது ரகம் ஒன்றை நிறுவனம் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிக் கொண்டுவந்து நட்டது. ரகம் நன்றாகப் பிடித்தது. ஒரே ஒரு வில்லங்கம். அது உயிரோடு இருக்கும்போதும் வெள்ளை, செத்தாலும் வெள்ளை. கேமராவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. தொட்டால்தான் தெரியும். தொட்டுச் சொல்ல ஆள் தேடியபோது, கூனித்தீவுப் பாரில் பாசி எடுத்துக்கொண்டிருந்த இந்தப் பெண்கள் கிடைத்தார்கள்.

பார் என்பது கடலுக்கடியில் கல் வளர்ந்த மேடு. பவளத்தை இவர்கள் கல்லு என்றுதான் சொல்வார்கள். காலில் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு, விரல்களில் கிழிசல் துணியைச் சுற்றிக்கொண்டு, அமாவாசைக் கணக்கில் ஆறு நாள், பௌர்ணமிக் கணக்கில் ஆறு நாள் என்று மாதத்தில் பன்னிரண்டு நாள் அந்தக் கல்லுக்கிடையில் மூச்சடக்கி மூழ்குவார்கள். தீவை நெருங்கினால் காவல் படகு விரட்டும். பாசி மூட்டை பறிபோகும். நிறுவனம் வந்த பிறகு பன்னிரண்டு பேருக்கு அட்டை கிடைத்தது. அட்டை இருந்தால் பாரில் இறங்கலாம், பாசியும் எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்கு வலது கையில் ஒரு மெல்லிய கையுறையைப் போட்டுக்கொண்டு கல்லைத் தடவ வேண்டும். உயிரென்றால் கட்டைவிரலை ஒரு தட்டு, செத்தது என்றால் இரண்டு தட்டு. தொடுகையும் தட்டும் சேர்ந்து பதிவாகும். அந்தப் பதிவிலிருந்து நண்டு படித்துக்கொள்ளும்.

பதிவு எடுக்க வந்தவள் பெனிட்டா. நாகர்கோவில் பக்கத்துப் பெண், முப்பது வயது, கடலுயிர் படித்தவள். எதை வைத்து உயிரென்று சொல்கிறீர்கள் என்று அவள் முதல் நாளே கேட்டாள். நம்புத்தாய்க்குச் சிரிப்பு வந்தது.

"இதுல என்னா படிப்பு மேடம். கல்லு சளி வச்சிருந்தா உசுரு. சொரசொரன்னு இருந்தா சவம்."

பெனிட்டா அதை அப்படியே எழுதிக்கொண்டாள். புத்தகமும் ஏறக்குறைய அதையேதான் சொன்னது. உயிருள்ள பவளம் தோல்மேல் வழவழப்பாக ஒன்றைச் சுரக்கும். மூன்று வருடத்தில் நம்புத்தாய் மட்டும் நாலு லட்சம் முறைக்கு மேல் தடவினாள். பன்னிரண்டு கைகளிலும் அவளுடையதுதான் பிசகாத கை என்று நிறுவனம் பாராட்டுப் பத்திரம் கொடுத்தது. நண்டின் விரலுக்கு அவள் கையையே அடிப்படையாக வைத்தார்கள்.

அந்தப் பத்திரத்தைச் சுவரில் மாட்டியவன் களஞ்சியம், அவள் புருஷன். மாட்டிவிட்டுத் திரும்பும்போது இருமல் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். படகை விற்ற பிறகு ஒன்பது வருடமாகப் பிளாஸ்டிக் அரவை மில்லில் வேலை. பழைய குடம், நாற்காலி, அறுந்த வலை எல்லாம் அங்கே மாவாகும். வீட்டுக்கு வந்தால் அவன் புருவத்தில் பல நிறத்தில் தூசி இருக்கும். இந்த ஆவணியில் சளி கட்டிக்கொண்டு மூச்சு இழுத்தது. ராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் வயதான மனிதர். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டிப் பொறுமையாகச் சொன்னார். உள்ளே போன தூசியைத் தள்ளத்தான் நெஞ்சு சளியைச் சுரக்கிறது. நிறையச் சுரந்தால் நிறையத் தூசி போயிருக்கிறது என்று அர்த்தம்.

"தள்ளித் தள்ளி ஒரு கட்டத்துல முடியாம போயிரும்மா. அப்புறம் அந்தச் சளியே மூச்சை அடைக்கும். சளி வர்ற வரைக்கும் நல்லதுன்னு நினைச்சிட்டு இருந்திராதீங்க."

களஞ்சியம் தலையாட்டினான். பஸ்ஸில் வரும்போது, எப்படியும் வண்ண வண்ணமாத்தான் சாகப்போறேன் புள்ள என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் சொன்னது காதில் விழவும் இல்லை. வலது கை விரல்களை ஒன்றோடொன்று தேய்த்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த அமாவாசைக் கணக்கில் பாரில் இறங்கியதும் அவள் முதலில் தேடிப்போனது வடக்கு மேட்டில் ஒரு சிமெண்ட் சட்டத்தை. மூன்று வருடத்துக்கு முன் அவளே கம்பியால் கட்டிய கல் அதில் இருந்தது. நல்ல கல் என்றால் ஏழெட்டு மாதத்தில் கம்பியை மூடி வளர்ந்துவிடும். இந்தக் கம்பி நட்ட அன்று எப்படி இருந்ததோ அப்படியே வெளியே தெரிந்தது. கல்லைத் தடவினாள். கொழகொழவென்று கையில் ஒட்டியது. இந்தக் கல்லுக்குத்தான் மூன்று வருடமாக ஒரு தட்டுத் தட்டியிருந்தாள். பாரிலேயே பலமான கல் இந்த வடக்கு மேட்டில் என்று பதிவாகியிருந்தது.

அப்போதுதான் தெற்குச் சரிவு அவள் நினைவுக்கு வந்தது. நீரோட்டம் அடித்துக்கொண்டு போகும் இடம். அங்கே கற்களில் சளி மெலிசாக, இருக்கிறதா இல்லையா என்பதுபோல இருந்தது. தடித்த சளிக்குப் பழகிய கைக்கு அது சொரசொரப்பாகத் தெரிந்தது. இரண்டு தட்டு. சவம் என்று பதிவான கற்களை நண்டுகள் பெயர்த்து ஒதுக்கிவிட்டு அங்கே புதுச் சட்டம் இறக்கின. அதில் ஒரு கல் கம்பியை மூடி வளர்ந்திருந்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். பார்த்தும் கையைத்தான் நம்பினாள்.

தண்ணீருக்குள் அழுதால் யாருக்கும் தெரியாது. ஆனால் மூச்சு தீர்ந்துவிடும். மேலே வந்தாள்.

மறுபடி இறங்கி, வடக்கு மேட்டுச் சளியை வழித்துச் சோற்று டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தாள். அவர்களுடைய சின்னப் படகான வத்தையின் முன்முனையில், அணியத்தில், டப்பா மூடியில் பரப்பி வெயிலில் காயவைத்தாள். கரைக்குப் போவதற்குள் காய்ந்து தோலாக உரிந்தது. அதற்குள் நீலம், வெள்ளை, சிவப்பு. களஞ்சியத்தின் புருவத்தில் இருக்கும் அதே மாவு.

பெனிட்டா அதை உருப்பெருக்கியின் கீழ் வெகுநேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். பவளத்துக்கு வாய் உண்டு, வயிறு உண்டு என்று ஆரம்பித்தாள். கடலில் மிதந்து வரும் சிறு இரையைப் பிடித்துத் தின்னும். பிளாஸ்டிக் செய்யும்போது சேர்க்கிற ஏதோ ஒன்று அதற்கு இரையின் ருசியாகப் படுகிறது. ஆசையாகப் பிடித்து விழுங்கும். செரிக்காது. பாதியைக் கக்கும், பாதி உள்ளேயே கிடக்கும். மேலே படிகிற தூளைத் தள்ளவும் சளி சுரக்க வேண்டும். சளி சும்மா வருவதில்லை, தன் சதையைக் கரைத்துத்தான் சுரக்கும்.

"வயிறு நிறைஞ்சிருக்கும் நம்பக்கா. ஆனா பட்டினி."

மீன் குறைந்தது, நண்டுக்குஞ்சு காணாமல் போனது, பாசி மெலிந்தது எல்லாவற்றையும் அவள் தனித்தனியாக எழுதி வைத்திருந்தாள். பார் நன்றாக இருக்கிறது என்று பதிவு சொன்னதால் வேறு காரணம் தேடிக்கொண்டிருந்தாள்.

நம்புத்தாய் கேட்க வந்தது வேறு. வருகிற பௌர்ணமிக் கணக்கில் கிளை வெட்டு இருந்தது. கூனித்தீவு வடக்கு மேட்டுக் கற்களை நண்டுகள் துண்டு துண்டாக வெட்டி, ஆறு தீவுகளுக்குக் கொண்டுபோய் நடும். பலமான கல் என்று தேர்ந்தெடுத்தது அவள் கை. வெட்டினால் இந்தக் கல் தாங்குமா என்று கேட்டாள்.

நல்ல கல் வெட்டுக்காயத்தை ஒரு மாதத்தில் ஆற்றிக்கொள்ளும், இது அழுகும் என்றாள் பெனிட்டா. வெட்டுப்பட்ட பாரும் போகும், கொண்டுபோய் நட்ட துண்டும் போகும்.

"அப்ப நிப்பாட்டுங்க. எங் கை தப்புன்னு நானே சொல்றேன்."

சொன்னாள். பெனிட்டா அவளை அழைத்துப்போய்த் திருத்தப் பதிவு போட வைத்தாள். வடக்கு மேட்டில் நூறு கற்களுக்கு, தடித்த சளி இருந்தும் இரண்டு தட்டு. அன்று மதியமே நண்டுகளை நடத்தும் கணினியிலிருந்து பதில் வந்தது. பெனிட்டா திரையை அவள் பக்கம் திருப்பி, வாசித்தும் காட்டினாள். பன்னிரண்டு கைகளின் பழைய பதிவோடு ஒப்பிட்டதில் இந்த நூறும் பொருந்தவில்லை. முக்கியமாக நம்புத்தாயின் நாலு லட்சம் பதிவோடு பொருந்தவில்லை. தொட்டவர் களைப்பிலோ நோயிலோ இருக்கலாம். திருத்தம் நிராகரிக்கப்படுகிறது.

"அது நாந்தான மேடம். நானே சொல்றேன்ல."

"அதுக்கு உங்களைத் தெரியாது அக்கா. உங்க பழைய கையைத்தான் தெரியும்."

பெனிட்டா மேலிடத்தோடு பேசினாள். உருப்பெருக்கிப் படம் அனுப்பினாள். ஒரு டப்பா சளியை வைத்து மூன்று வருடப் பதிவைத் தள்ள முடியாது, முறையான ஆய்வுக்குத் திட்டம் எழுதுங்கள், இரண்டு வருடத்தில் செய்யலாம் என்றார்கள். வெட்டுக்கு ஒன்பது நாள் இருந்தது.

வலை காயப்போடும் மணலில் பன்னிரண்டு பேரும் கூடினார்கள். நம்புத்தாய் நடந்ததைச் சொன்னாள். ராக்கு, அவர்களில் வாய் நீளமானவள், பத்திரம் வாங்குனது நீ, பழி மட்டும் பன்னிரண்டு பேருக்கா என்று குத்தினாள். பார் போனால் பாசி போகும், பாசி போனால் அட்டையை வைத்து என்ன செய்ய என்று ராக்குவே தொடர்ந்து சொல்லிக்கொண்டாள்.

வழி நண்டிடமே இருந்தது. வெட்டுவதற்கு முன் நண்டு ஒவ்வொரு கல்லையும் கடைசியாக ஒருமுறை தடவிப் பார்க்கும். சொரசொரப்பு என்றால் சவமென்று பதிந்துவிட்டுக் கத்தியைத் தூக்காமல் நகரும். பாதிக்கு மேல் சவம் என்றால் வெட்டே நின்றுபோகும். நண்டுக்கு முன்னால் போய்க் கல்லில் சிக்கிய வலைத்துண்டை விலக்குவது இந்தப் பெண்களின் வேலைதான். துணியால் சளியைத் துடைத்துவிட்டால் மறுபடி ஊற ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரமாவது ஆகும்.

சேதுபாக்கியம் தயங்கினாள். தினமும் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவள். பொய் சொல்லணுமா என்று கேட்டாள்.

"மூணு வருசமா தெரியாம சொன்னோம். இப்பத் தெரிஞ்சு சொல்லுவோம்" என்றாள் ராக்கு.

துடைத்தார்கள். பௌர்ணமிக் கணக்கின் ஆறு நாளும் வெயில் ஏறியதிலிருந்து சாயும்வரை மூழ்கி மூழ்கித் துடைத்தார்கள். கையுறையை நிறுவனம் வாங்கி வைத்துக்கொண்டிருந்தது. வெட்டு நாளில் பதிவு நண்டின் விரலுக்கு மட்டும்தான். பழைய சேலைக் கிழிசலை விரலில் சுற்றி, மூச்சுக்கு நாலு கல், ஐந்து கல். பின்னால் நண்டு ஊர்ந்து வரும். நம்புத்தாயின் விரலை நீட்டி, அவள் எப்படிச் சுண்டுவிரலை மடக்கித் தடவுவாளோ அப்படியே மடக்கித் தடவும். யோசிப்பதுபோல ஒரு நொடி நிற்கும். பிறகு போகும். சில கற்களில் துணியோடு தோலும் உரிந்து வந்தது. அழுத்தினால் கல்லுக்கு வலி, அழுத்தாவிட்டால் நண்டுக்குத் தெரியும். இரண்டாம் நாள் சேதுபாக்கியத்துக்குக் காதில் ரத்தம் வந்தது. பஞ்சை அடைத்துக்கொண்டு மறுபடி இறங்கினாள். எட்டாத இடங்களில் நண்டு வெட்டிக்கொண்டுதான் போனது. வெட்டிய இடத்தில் வெள்ளைப் பால்போல ஒன்று தண்ணீரில் கரைந்தது.

ஆறாம் நாள் முடிவில், கூனித்தீவு வடக்கு மேடு நூற்றுக்கு அறுபத்து நாலு சவம் என்று பதிவானது. வெட்டு நிறுத்தப்பட்டது.

பெனிட்டா கரையில் நின்றிருந்தாள். அவர்களுடைய கையைப் பார்த்தாள். விரல் நுனிகள் வெளுத்துப் பிளந்திருந்தன. துடைத்த துணிகள் வத்தையில் கிடந்தன. அட்டை ஆறு மாதத்துக்கு நீட்டிக்கப்படும், அதுவரை செத்த பாரைப் பெயர்க்காமல் கண்காணிப்பார்கள், அதற்கும் ஆள் வேண்டும் என்று மட்டும் சொன்னாள். போகும்போது திரும்பி வந்து, நிறுவனம் இந்த வருடக் கிளைக்கணக்கை முடித்தாக வேண்டும், பட்டியலில் அடுத்த பாருக்கு நண்டுகளை நகர்த்துகிறார்கள் என்றாள். அடுத்தது கொட்டகைவலசைப் பார். அங்கே கையுறையே கொடுத்ததில்லை. நண்டுகள் தாமாகவே தடவிப் பார்த்துப் பலமானது என்று எடுத்த முடிவு. நான் ஏற்கெனவே எழுதிப் போட்டுவிட்டேன், அதற்கும் அதே பதில்தான் வந்தது என்றாள்.

நாலாம் நாள் காலையில் கொட்டகைவலசையிலிருந்து ஏழு பெண்கள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கடற்கரை வழியாக இரண்டு மணி நேரம். பலாப்பழம் ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். முன்னால் வந்தவள் பஞ்சவர்ணம், அந்த ஊர்ப் பாசிக்காரிகளுக்கு மூத்தவள். சொந்தம் எதுவும் இல்லை. பாசி எடுக்கிறவர்களுக்குள் எல்லாரும் மதினிதான்.

அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். இத்தனை வருடம் விரட்டிய காவல் படகு இப்போது அவர்கள் ஊரில் வணக்கம் சொல்கிறது. வெட்டு முடிந்ததும் அட்டை வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். நண்டுக்கு முன்னால் எப்படிப் போக வேண்டும், எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், இந்த ஊர்ப் பெண்களுக்குத்தான் தெரியும், கேட்டுக்கொண்டு போகலாம் என்று வந்தார்கள். பலாவை அரிந்தார்கள். எல்லாரும் தின்றார்கள். சேதுபாக்கியம் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனவள் திரும்பி வரவில்லை.

துணி ஒன்று கொடுத்து இரண்டு வார்த்தை சொன்னால் போதும். நம்புத்தாய்க்கு அது தெரியும். ஏழு பேருக்குச் சொன்னால் கொட்டகைவலசை முழுக்கத் தெரியும். அங்கே நிறுவனத்தில் வேலை பார்க்கிற பிள்ளைகள் நாலு பேர் இருக்கிறார்கள். இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி கல் சாக ஆரம்பித்தால் யாராவது நின்று பார்ப்பார்கள். பார்த்தால் அட்டை போகும், நண்டு திரும்ப வடக்கு மேட்டுக்கே வரும். உரித்த தோல் இன்னும் மூடாத கல்.

பஞ்சவர்ணம் கையைக் கழுவிக்கொண்டு, கேட்கத் தயங்கியதைக் கேட்டாள். பெரிய பாராயிற்றே, ஊரெல்லாம் பேசிக்கொண்டதே, எப்படி இப்படித் திடீரென்று செத்தது.

ஓடைமுனைக்காரிகள் மற்ற பத்துப் பேரும் மணலைப் பார்த்தார்கள். நம்புத்தாய் மடியிலிருந்த பலாக்கொட்டையை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

"சளி நின்னு போச்சு மதினி. அதான்."

"சளி நின்னாலா?"

"ஆமா. கல்லு சளி வைக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது."

பஞ்சவர்ணத்தின் முகம் தெளிந்தது. பின்னால் இருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"எங்க பாருல கையே வைக்க முடியாது மதினி. அம்புட்டு வழுக்குது."

"அப்பப் பயமில்ல" என்றாள் நம்புத்தாய்.